கலவரம் நடக்கும் நாட்டில் கார் பந்தயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவில் துப்பாக்கிச் சூடு நடக்கும் நாட்டில் ஃபார்முலா 1 பந்தயம் நடத்தலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் அடிபடுகிற பெயர் பஹ்ரைன். 2011-ல் அங்கே பந்தயம் ரத்தானது. 2012-ல் போராட்டம் அடங்காமலேயே நடந்தது. அதனால் இந்தப் பக்கத்தில் பெரும்பங்கு பஹ்ரைனுக்கு. கியூபா, தென்னாப்பிரிக்கா, சவுதி, ரஷ்யா எல்லாம் தேவைப்படும் இடத்தில் வரும்.

2011-ல் பஹ்ரைனில் என்னதான் நடந்தது?

துனிசியாவிலும் எகிப்திலும் மக்கள் தெருவுக்கு வந்த கையோடு, பிப்ரவரி 14 அன்று பஹ்ரைனிலும் போராட்டம் தொடங்கியது. நாட்டில் பெரும்பான்மை ஷியாக்கள். ஆள்வது சுன்னி பிரிவைச் சேர்ந்த அல் கலீஃபா குடும்பம். ஆனால் முதலில் எழுந்த கோரிக்கைகள் மதம் சார்ந்தவை அல்ல. அதிகாரமுள்ள நாடாளுமன்றம், புதிய அரசியல் சாசனம், வேலைவாய்ப்பில் பாகுபாடின்மை, இவைதான் கேட்கப்பட்டன.

கூட்டம் கூடிய இடம் தலைநகர் மனாமாவின் முத்து ரவுண்டானா. ஆறு பாய்மரங்கள் சேர்ந்து ஒரு முத்தைத் தாங்கி நிற்கும் உயரமான நினைவுச்சின்னம் அங்கே இருந்தது. வளைகுடாக் கூட்டமைப்பின் ஆறு நாடுகளுக்காக 1982-ல் கட்டியது. பிப்ரவரி 17 விடிவதற்கு முன்பே, கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது போலீஸ் பாய்ந்தது. நான்கு பேர் இறந்தனர். மார்ச் 14 அன்று சவுதிப் படைகள் பாலம் வழியாக உள்ளே வந்தன. மறுநாள் அவசரநிலை. மார்ச் 18 அன்று அந்த நினைவுச்சின்னத்தையே இடித்துத் தள்ளினார்கள். இடிக்கும்போது ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியும் மாட்டிக்கொண்டு இறந்தார். அந்தச் சின்னம் பொறித்த 500 ஃபில்ஸ் நாணயம்கூடப் புழக்கத்திலிருந்து போய்விட்டது. ஒரு ரவுண்டானாவைக் கண்டு அரசு இவ்வளவு பயந்தது!

பிறகு மன்னரே அமைத்த விசாரணைக் குழு, ஷெரீஃப் பாஸ்யூனி தலைமையில், 2011 நவம்பரில் அறிக்கை தந்தது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் 35 பேர் இறந்ததையும், அவர்களில் ஐந்து பேர் சித்திரவதையால் இறந்ததையும் அது பதிவு செய்தது. எதிர்க்கட்சி சொன்ன கணக்கு அல்ல இது, அரசே கேட்டு வாங்கிய கணக்கு.

அந்த ஆண்டு பந்தயத்தை ரத்து செய்தது எஃப்ஐஏதானே?

இல்லை. உலக மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் அமைப்பான எஃப்ஐஏதான் ரத்து செய்தது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 13 அன்று சீசனின் முதல் பந்தயமாக அது நடந்திருக்க வேண்டும். பிப்ரவரி 21 அன்று பட்டத்து இளவரசர் சல்மான்தான் ‘இந்த முறை வேண்டாம்’ என்று அறிவித்தார். அதற்கு முன்பே, ஃபார்முலா 1-க்குக் கீழ்நிலைப் பந்தயமான ஜிபி2 ஆசியா, பஹ்ரைனின் பந்தய டிராக் இருக்கும் சகீரில் கைவிடப்பட்டிருந்தது. அதற்குச் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: டிராக்கில் நிற்க வேண்டிய மருத்துவர்கள் ஊருக்குள் மருத்துவமனைகளில் தேவைப்பட்டார்கள்.

எஃப்ஐஏ செய்தது இதற்கு நேர் எதிர். தன் துணைத் தலைவர் கார்லோஸ் கிராசியாவை பஹ்ரைனுக்கு அனுப்பி நிலைமையைப் பார்த்துவரச் சொன்னது. அவர் அரசு காட்டியவர்களை மட்டுமே பார்த்துவிட்டு வந்தார் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின. ஜூன் 3 அன்று பார்சிலோனாவில் கூடிய எஃப்ஐஏ கவுன்சில், பந்தயத்தை அக்டோபர் 30-க்கு வைத்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அவசரநிலையை விலக்கி இரண்டே நாள்தான் ஆகியிருந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு சங்கதி உண்டு. அக்டோபர் 30 என்பது நொய்டாவில் நடக்க வேண்டிய முதல் இந்தியன் கிராண்ட் பிரீயின் தேதி. பஹ்ரைனுக்கு இடம் விட இந்தியப் பந்தயத்தை டிசம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். நல்ல வேளை, டீம்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சீசன் தொடங்கிய பிறகு தேதியை மாற்ற வேண்டுமென்றால் எல்லா டீம்களும் சம்மதிக்க வேண்டும் என்ற விதியை எஃப்ஐஏவின் முன்னாள் தலைவர் மேக்ஸ் மோஸ்லி வெளியே எடுத்துப் போட்டார். அடுத்த வாரமே பஹ்ரைன் தானாக விலகியது. நொய்டா பந்தயம் குறித்த நாளில் நடந்தது, கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டினார்.

ஆக, 2011-ல் பந்தயம் நின்றதற்குக் காரணம் இரண்டு. முதல் தடவை நடத்துகிற நாடு பின்வாங்கியது. இரண்டாம் தடவை ஒரு தேதி விதி குறுக்கே வந்தது. மனசாட்சி எந்தக் கூட்டத்திலும் வாக்களித்ததாகத் தெரியவில்லை.

2012-க்குள் நிலைமை சரியாகிவிட்டதா?

அரசு அப்படித்தான் சொன்னது. ‘ஒரே நாடு, ஒன்றாய்க் கொண்டாடுவோம்’ என்ற கருத்தில் ஊரெங்கும் விளம்பரப் பலகைகள். ஆனால் மனாமாவைச் சுற்றியிருந்த ஷியா கிராமங்களில் இரவானால் டயர் எரியும், கண்ணீர்ப்புகை பறக்கும். ஆயுள் தண்டனை பெற்ற மனித உரிமைச் செயற்பாட்டாளர் அப்துல்ஹாதி அல் கவாஜா சிறையில் பிப்ரவரி 8 முதல் உண்ணாவிரதம் இருந்தார்; பந்தய வாரத்தில் அது 70 நாட்களைத் தாண்டியிருந்தது. முந்தைய ஆண்டு சகீர் டிராக்கில் வேலை பார்த்த இருபதுக்கும் மேற்பட்டோர் போராட்டத்தை ஆதரித்ததாகச் சொல்லி வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் சிலர் சிறையில் அடி வாங்கியதாகவும் சொன்னார்கள்.

ஏப்ரல் 13 அன்று, சீனப் பந்தயத்துக்காக எல்லோரும் ஷாங்காயில் இருந்தபோது, பஹ்ரைன் பந்தயம் திட்டமிட்டபடி நடக்கும் என்று எஃப்ஐஏ அறிவித்தது. ஏப்ரல் 20 முதல் 22 வரை நடந்தது. இரண்டாம் நாள் சனிக்கிழமை காலை, ஷகூரா கிராமத்தில் ஒரு கூரைமேல் சலா அப்பாஸ் ஹபீப் என்ற போராட்டக்காரரின் உடல் கிடைத்தது. அன்று மதியம் தகுதிச் சுற்று வழக்கம்போல் நடந்தது.

ஃபோர்ஸ் இந்தியா டீமுக்கு ஏதோ நடந்தது என்கிறார்களே?

ஆமாம், விஜய் மல்லையாவின் டீம். புதன்கிழமை இரவு அந்த டீமின் நான்கு ஊழியர்கள் டிராக்கிலிருந்து வாடகைக் காரில் ஓட்டலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் போராட்டக்காரர்களுக்கும் போலீசுக்கும் நடுவே மாட்டிக்கொண்டார்கள். பக்கத்தில் ஒரு பெட்ரோல் குண்டு வந்து விழுந்தது, கண்ணீர்ப்புகை காருக்குள் புகுந்தது. குறி இவர்கள் அல்ல, யாருக்கும் காயமும் இல்லை. ஆனாலும் டீமைச் சேர்ந்த இரண்டு பேர் ஊர் திரும்பிவிட்டார்கள்.

இருட்டுவதற்குள் ஓட்டல் சேர வேண்டும் என்று டீம் வெள்ளிக்கிழமை இரண்டாவது பயிற்சி ஓட்டத்தையே விட்டுவிட்டது. அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மறுநாள் தகுதிச் சுற்றில் ஃபோர்ஸ் இந்தியா கார்களை டிவியில் தேட வேண்டியிருந்தது. உலகம் முழுவதும் போகும் படத்தைத் தயாரிப்பது ஃபார்முலா 1 நிறுவனமேதான். டீமின் ஓட்டுநர் பால் டி ரெஸ்டா பந்தயத்தில் ஆறாவதாக வந்தார். அப்படி ஒரு நல்ல ஓட்டம், அதையும் பெரிதாகக் காட்டவில்லை. பயந்ததற்குத் தண்டனை என்று ரசிகர்கள் அப்போதே முணுமுணுத்தார்கள்.

பந்தயம் பாதுகாப்பாகத்தானே முடிந்தது? அப்புறம் என்ன குறை?

இந்த விவாதத்தில் எனக்கு ஒத்துவராத இடமே இதுதான்.

முடிந்தது, உண்மை. செபாஸ்டியன் வெட்டல் ஜெயித்தார், கிமி ரைக்கோனன் இரண்டாவது. டிராக் மனாமாவிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் இருக்கிறது. நெடுஞ்சாலை நெடுகக் கவச வண்டிகளை நிறுத்திவிட்டால் அதைக் காப்பது பெரிய காரியமில்லை. பாதுகாப்பா என்று கேட்டவர்கள் எல்லோரும் வேலிக்கு உள்ளே இருப்பவர்களைப் பற்றித்தான் கேட்டார்கள். மெக்கானிக், ஓட்டுநர், விருந்தினர், கேமராக்காரர். வேலிக்கு உள்ளே அமைதி நிலவ, வெளியே எத்தனை கிராமங்களை அடைத்து வைத்தார்கள், எத்தனை பேரை முன்கூட்டியே பிடித்து உள்ளே போட்டார்கள் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. பந்தயம் எவ்வளவு ‘பாதுகாப்பாக’ நடக்கிறதோ, அவ்வளவுக்கு உள்ளூர்க்காரர்கள் மீது பிடி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். எனவே பாதுகாப்பு அறிக்கை மட்டும் கையில் இருந்தால் போதும் என்று முடிவெடுப்பது, பாதி வினாத்தாளை எழுதிவிட்டு எழுந்து வருவது போலத்தான்.

விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது அல்லவா?

நடத்துகிற அரசு கலக்காவிட்டால் நாமும் கலக்க வேண்டியதில்லை. பட்டத்து இளவரசர்தான் பந்தயத்தைக் கொண்டுவந்தவர். ரத்து செய்ததும் அவர்தான். பந்தயத்தை நிறுத்தினால் தீவிரவாதிகளுக்குத்தான் பலம் என்று 2012-ல் வாதாடியதும் அவர்தான். விளம்பரப் பலகையில் இருந்த முழக்கம் டயரைப் பற்றியோ இன்ஜினைப் பற்றியோ பேசவில்லை, நாடு ஒற்றுமையாக இருக்கிறது என்று பேசியது. அதுவே அரசியல்தானே?

எஃப்ஐஏ தன் சட்டத்தில் அரசியல், இன, மதப் பாகுபாடு காட்டுவதில்லை என்று எழுதி வைத்திருக்கிறது. அந்த நடுநிலையின் நடைமுறைப் பொருள் என்னவென்றால், காசு கொடுத்துக் கூப்பிட்டவர் பக்கம் மேடை, எதிர்த்தவர் பக்கம் மௌனம்.

பணம் எவ்வளவு?

பஹ்ரைன் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டாலர் கட்டுவதாக அப்போது பத்திரிகைகள் எழுதின. ஐரோப்பியப் பழைய டிராக்குகள் இதைக் கேட்டாலே மயங்கிவிடும். டிக்கெட் விற்று இதை ஈடுகட்ட முடியாது. அரசாங்க கஜானா இருந்தால்தான் முடியும். 2004-ல் மத்தியக் கிழக்கின் முதல் ஃபார்முலா 1 பந்தயமாக சகீர் தொடங்கியதிலிருந்து இதே கதைதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. பஹ்ரைன் அரசின் முதலீட்டு நிறுவனமான மும்தலகாத் 2007-லேயே ஃபார்முலா 1 டீம் நடத்தும் மெக்லாரன் நிறுவனத்தில் 30 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. ‘டீம்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை’ என்று கேட்பவர்கள் இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

டீம்கள் வரமாட்டோம் என்று சொல்லக் கூடாதா?

சொல்லலாம், ஆனால் தனியாகச் சொன்னால் அடி பலமாக விழும். எல்லாப் பந்தயத்திலும் கலந்துகொள்வதாக ஒப்பந்தம் இருக்கிறது. புள்ளிகள் போகும், அதோடு பணமும் போகும். 2012-ல் எல்லா டீம் தலைவர்களும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: முடிவு எஃப்ஐஏவுடையது. எஃப்ஐஏவைக் கேட்டால், நாட்காட்டியில் இருக்கிறது, உள்ளூர் அமைப்பு நடத்தத் தயார் என்றது. வணிக உரிமையைக் கையில் வைத்திருந்த பெர்னி எக்லெஸ்டனைக் கேட்டால், ரத்து செய்வது தன் வேலை இல்லை, பஹ்ரைனோ எஃப்ஐஏவோ சொல்லட்டும் என்றார். பந்து ஒரு முழுச் சுற்று சுற்றி வந்துவிடும்.

ஆனாலும் மறுத்த முன்னுதாரணம் இருக்கிறது. 1985 அக்டோபர் 19, தென்னாப்பிரிக்காவின் கியாலாமி. நிறவெறி ஆட்சி ஜூலையிலேயே பல பகுதிகளில் அவசரநிலையை அறிவித்திருந்தது. பந்தயத்துக்கு முதல் நாள் பிரிட்டோரியா சிறையில் பெஞ்சமின் மொலோய்சி என்ற கவிஞரை, உலக நாடுகளின் கருணைக் கோரிக்கைகளையும் மீறித் தூக்கிலிட்டார்கள். பிரெஞ்சு அரசின் அழுத்தத்தால் ரெனோ, லிஜியே இரண்டு டீம்களும் வரவில்லை. சில ஸ்பான்சர்கள் கார்களிலிருந்து தங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். பந்தயம் நடந்தது, நைஜல் மான்செல் ஜெயித்தார். ஆனால் அதற்கப்புறம் 1992 வரை ஃபார்முலா 1 அந்தப் பக்கம் போகவில்லை.

ஓட்டுநர்கள் என்ன சொன்னார்கள்?

பெரும்பாலும் ஒன்றும் சொல்லவில்லை. மார்க் வெப்பர் 2011-லேயே, மக்கள் அடிபடும்போது விளையாட்டைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன என்ற பொருளில் பேசிவிட்டார். முன்னாள் சாம்பியன் டேமன் ஹில் 2012-ல் மறுபரிசீலனை செய்யச் சொன்னார்.

வெட்டலுக்கு அப்போது 24 வயது. செய்திகள் மிகைப்படுத்தப்படுகின்றன, காருக்குள் ஏறியதும் டயர் வெப்பநிலை போன்ற முக்கியமான விஷயங்களைக் கவனிப்போம் என்பதுபோல் ஒரு பதில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அதே வெட்டல் பத்தாண்டு கழித்து, 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த அன்றே, ரஷ்யப் பந்தயம் நடக்கும் சோச்சிக்கு நான் போகமாட்டேன் என்று முதல் ஆளாகச் சொன்னார். மனிதர்கள் மாறுவார்கள், பார்த்தீர்களா.

பந்தயம் நடந்ததால்தான் உலகம் பஹ்ரைனைத் திரும்பிப் பார்த்தது. அது நல்லதில்லையா?

இது வலுவான கேள்வி. எதிர்க்கட்சியிலேயே சிலர், பந்தயம் நடக்கட்டும், கேமராக்கள் வரட்டும் என்றார்கள். உண்மையில் அந்த வாரம் பஹ்ரைனைப் பற்றி வந்த அளவு செய்தி அதற்கு முந்தைய பல மாதங்களில் வரவில்லை. அரசு வாங்க நினைத்த விளம்பரம் தலைகீழாய்ப் போனது.

ஆனால் கேமரா தானாக ஊருக்குள் போய்விடாது. விளையாட்டு நிருபர்களுக்கு விசா தாராளமாகக் கிடைத்தது. மற்ற நிருபர்கள் பலருக்கு மறுக்கப்பட்டது. பிரிட்டனின் சேனல் 4 நிருபர் ஜொனாதன் மில்லரும் குழுவும் கிராமத்தில் படமெடுத்ததற்காகப் பந்தய நாளன்றே பிடிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள். கேமராக்கள் போன பிறகு யார் பாடு என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2017-ல் நஜா யூசுஃப் என்ற பெண் ஃபார்முலா 1 பந்தயத்தை விமர்சித்து ஃபேஸ்புக்கில் எழுதினார். அவருக்குக் கிடைத்த மூன்றாண்டுச் சிறைத் தண்டனையின் தீர்ப்பில் அந்தப் பதிவுகளும் இடம்பெற்றன. 2019-ல்தான் வெளியே வந்தார். வெளிச்சம் கிடைத்தது என்று நாம் திருப்திப்படும் முன் அவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

போராட்டக்காரர்களே பந்தயத்தைப் பயன்படுத்திக்கொண்டதுண்டா?

உண்டு, அதிலும் கியூபாவை மிஞ்ச ஆளில்லை. சர்வாதிகாரி பாட்டிஸ்டா சுற்றுலாப் பயணிகளை இழுக்க ஹவானாவின் கடற்கரைச் சாலையில் பந்தயம் வைத்தார். 1958 பிப்ரவரி 23 மாலை, அன்றைய உலக சாம்பியன் ஃபாஞ்சியோ லிங்கன் ஓட்டல் வரவேற்பறையில் நின்றிருந்தார். காஸ்ட்ரோவின் ஜூலை 26 இயக்கத்துக்காரர் ஒருவர் துப்பாக்கியைக் காட்டி அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் இல்லாமலேயே பந்தயத்தைத் தொடங்கினார்கள். சில சுற்றுகளில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் பலர் இறக்க, பந்தயம் நின்றது. ஃபாஞ்சியோவை அர்ஜென்டினா தூதரகத்திடம் பத்திரமாக ஒப்படைத்தார்கள். நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள் என்று அவரே சொன்னார். பாட்டிஸ்டா உலகத்துக்குக் காட்ட நினைத்தது ஒன்று, உலகம் பார்த்தது வேறொன்று. அடுத்த ஆண்டு பிறந்த அன்றே அவர் நாட்டை விட்டு ஓடிவிட்டார்.

பயந்து ரத்து செய்த பந்தயம் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது: பாலைவனங்களைக் கடந்து போகும் நெடுந்தூரப் பந்தயமான டக்கார் ராலி. 2007 டிசம்பர் 24 அன்று மொரிட்டானியாவில் நான்கு பிரெஞ்சு சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்டார்கள். ராலியின் பல கட்டங்கள் அந்த நாட்டின் வழியாகத்தான் போக வேண்டும். லிஸ்பனில் வண்டிகள் எல்லாம் வரிசையில் நின்ற பிறகு, கிளம்புவதற்கு முதல் நாள் ஜனவரி 4 அன்று முழு ராலியையும் ரத்து செய்தார்கள். அடுத்த ஆண்டு தென் அமெரிக்காவுக்குப் போனது, 2020 முதல் சவுதியில். இங்கே ஆபத்து வேலிக்கு உள்ளே இருப்பவர்களுக்கு என்பதைக் கவனியுங்கள். பாலைவனம் முழுக்க வேலி போட முடியாது.

ஜெத்தாவில் 2022-ல் ஏவுகணை விழுந்தும் ஓட்டினார்களே?

மார்ச் 25, வெள்ளிக்கிழமை, முதல் பயிற்சி ஓட்டம். டிராக்கிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் சவுதி அரசு எண்ணெய் நிறுவனமான அராம்கோவின் கிடங்கை ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் தாக்கினார்கள். கரும்புகை டிராக்கிலிருந்தே தெரிந்தது. ஓட்டிக்கொண்டிருந்த மேக்ஸ் வெர்ஸ்டாப்பன், ஏதோ கருகும் வாசனை வருகிறது, என் காரா வேறு யார் காரா என்று ரேடியோவில் கேட்டார். அராம்கோ ஃபார்முலா 1-இன் பெரிய ஸ்பான்சர் என்பது தனிக் கதை.

அன்றிரவு ஓட்டுநர்கள் நான்கு மணி நேரத்துக்கு மேல் கதவடைத்துப் பேசினார்கள். நள்ளிரவு தாண்டியது. சவுதி அமைச்சர்கள் வந்து உறுதி கொடுத்தார்கள். கடைசியில் ஞாயிறன்று பந்தயம் நடந்தது, வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார். இரண்டு வாரம் முன்னர், மார்ச் 12 அன்று, அதே நாட்டில் ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதற்காக யாரும் நான்கு மணி நேரம் உட்கார்ந்து பேசவில்லை.

ரஷ்யப் பந்தயத்தை மட்டும் ஏன் உடனே ரத்து செய்தார்கள்?

பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியது, மறுநாளே சோச்சி பந்தயம் நடக்காது என்ற அறிவிப்பு, மார்ச் 3 அன்று ஒப்பந்தமே முறிப்பு. பஹ்ரைனில் நான்கு மாதம் இழுத்த அதே விளையாட்டு ஒரு வாரத்தில் முடித்துவிட்டது. எல்லோரும் வேகமாக ஓடியதற்குக் காரணம் எளிது: பொருளாதாரத் தடை, ஐரோப்பிய அரசுகள், ஸ்பான்சர்கள் எல்லாம் ஒரே பக்கம் நின்றன. ஒப்பிட்டுப் பாருங்கள்: சோச்சியில் முதல் பந்தயம் நடந்தது 2014 அக்டோபரில், கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்ட அதே ஆண்டில். அப்போது யாருக்கும் உறுத்தவில்லை. பஹ்ரைனிலோ அமெரிக்கக் கடற்படையின் ஐந்தாவது பிரிவுக்குத் தலைமையகம் இருக்கிறது.

இதற்கென்று இப்போது விதிகள் ஏதும் வந்திருக்கின்றனவா?

2014-ல் பஹ்ரைன் மனித உரிமைக் குழு ஒன்று பிரிட்டனில் புகார் கொடுத்தது. அதன் விளைவாக 2015-ல் ஃபார்முலா 1 நிறுவனம் மனித உரிமைகளை மதிப்பதாக ஓர் உறுதிமொழியை வெளியிட்டது. எந்த நிலைமை வந்தால் பந்தயத்தை நிறுத்துவோம் என்ற அளவுகோல் அதில் இல்லை. 2022 டிசம்பரில் எஃப்ஐஏ ஒரு விதியை உண்மையிலேயே இறுக்கியது: ஓட்டுநர்கள் முன் அனுமதி இல்லாமல் அரசியல் கருத்துச் சொல்லக் கூடாது. ஓட்டுநர்கள் எதிர்த்ததும் கொஞ்சம் தளர்த்தி விளக்கம் கொடுத்தார்கள். பஹ்ரைனுடனான ஒப்பந்தத்தை அதே ஆண்டு பிப்ரவரியில் 2036 வரை நீட்டித்தார்கள்.